துணைநூற்பட்டியல்: கையில் பிடித்த பிரதியை எழுதுங்கள்

ஆய்வேட்டின் கடைசிப் பத்துப் பக்கங்களைத்தான் பலரும் கடைசி இரவில் தட்டச்சு செய்கிறார்கள். புறத்தேர்வாளர் முதலில் புரட்டுவதும் பெரும்பாலும் அந்தப் பக்கங்களைத்தான். அரைப்புள்ளி எங்கே, காற்புள்ளி எங்கே என்ற கேள்வி இரண்டாம்பட்சம். நீங்கள் பார்த்த அதே பக்கத்தை இன்னொருவர் போய்ப் பார்க்க முடிகிறதா? பட்டியல் இருப்பது அதற்காக. ஆகவே முதல் விதி இதுதான்: உங்கள் கையில் இருந்த பிரதி எதுவோ அதை எழுதுங்கள். 1894இல் உ.வே.சா. பதிப்பித்த புறநானூற்றை மற்றொருவர் கட்டுரை வழியாகத்தான் அறிந்தீர்கள் என்றால், பட்டியலில் வரவேண்டியது அந்தக் கட்டுரை. 1894 என்று எழுதிவிட்டுப் பக்க எண்ணை நேற்று வாங்கிய மறுபதிப்பிலிருந்து எடுத்துப் போட்டால், அந்த எண் எந்தப் பிரதியிலும் பொருந்தாது.

தமிழில் எழுதும்போது முதல் சிக்கல் பெயர். மேற்கோளும் பட்டியலும் எழுத ஏபிஏ (APA), எம்எல்ஏ (MLA), சிகாகோ (Chicago) என்று எந்த ஆங்கில நடையை எடுத்தாலும் அது குடும்பப் பெயரை முன்னால் கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னெழுத்து பெரும்பாலும் அப்பா பெயர், சில நேரம் ஊர்ப் பெயரும் சேர்ந்தது. உ.வே.சாமிநாதையரில் ‘உ’ உத்தமதானபுரம், ‘வே’ வேங்கடசுப்பையர். எனவே இயற்பெயரை முன்னால் போட்டு, காற்புள்ளி வைத்து, முன்னெழுத்தைப் பின்னால் தள்ளுவதே சரி:

வரதராசன், மு. (1972). தமிழ் இலக்கிய வரலாறு. புதுதில்லி: சாகித்திய அக்காதெமி.

இதே ஆசிரியரைப் பட்டியல்களில் மு.வரதராசன், மு.வரதராசனார், டாக்டர் மு.வ., வரதராசன் மு. என்று நான்கு வடிவங்களில் பார்க்கலாம். அகர வரிசையில் இரண்டு ‘மு’விலும் ஒன்று ‘ட’விலும் ஒன்று ‘வ’விலும் சிதறிக் கிடக்கும், வாசகர் இவர்கள் வேறு வேறு ஆட்கள் என்று நினைப்பார். ஒரே வடிவத்தைத் தேர்ந்து எல்லாவற்றையும் அதன் கீழ் கொண்டுவாருங்கள். டாக்டர், பேராசிரியர், கவிஞர், புலவர் போன்ற அடைகள் பட்டியலில் வேண்டாம். ‘ஆர்’ விகுதி மரியாதைக்காக வந்ததா, தலைப்புப் பக்கத்திலேயே அப்படித்தான் உள்ளதா என்று பாருங்கள்; மரியாதையைக் கட்டுரையின் உடலில் காட்டிக்கொள்ளலாம். ச.வையாபுரிப்பிள்ளை, எஸ்.வையாபுரிப்பிள்ளை இரண்டும் ஒருவரே. முன்னெழுத்து ஆங்கில ஒலிப்பில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். புனைபெயரில் வந்த நூல் புனைபெயரிலேயே நிற்கட்டும். புதுமைப்பித்தனை விருத்தாசலம் என்று தேடி வருபவர் யாருமில்லை. தேவைப்பட்டால் இயற்பெயரைச் சதுர அடைப்புக்குள் சேருங்கள்.

பழைய இலக்கியத்திற்கு வழி கொஞ்சம் வேறு. சங்க நூலுக்கு ஒரே ஆசிரியர் இல்லை. பதிப்பாசிரியர் பெயரில் தொடங்கலாம், நூற்பெயரிலும் தொடங்கலாம். எதுவானாலும் பட்டியல் முழுக்க ஒரே மாதிரி இருக்கட்டும். கட்டுரைக்குள் பக்க எண்ணைவிடப் பாடல் எண்ணே பயன்படும்: ‘யாதும் ஊரே’ புறம். 192 என்றால் எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் எடுத்துவிடுவார். ஆனால் எல்லா நூலிலும் இந்த வசதி கிடைக்காது. தொல்காப்பிய நூற்பா எண் இளம்பூரணர் உரையில் ஒன்றாகவும் நச்சினார்க்கினியர் உரையில் வேறாகவும் வரும், ஏனென்றால் ஒருவர் ஒன்றாகக் கொண்டதை இன்னொருவர் இரண்டாகப் பிரிப்பார். குறள் எண் நாம் பழகியது பரிமேலழகர் வரிசை; மணக்குடவர் உரையை எடுத்தால் அதிகாரத்துக்குள் வரிசை மாறியிருக்கும். கம்பராமாயணத்திலும் பதிப்புக்குப் பதிப்பு பாடல் எண் நகரும். இந்த நூல்களுக்கு எண்ணுடன் உரையாசிரியரையோ பதிப்பையோ சேர்த்தே எழுத வேண்டும்.

அடுத்தது ஆண்டு. பழைய நூல்களின் முகப்பில் கிறித்து ஆண்டு இல்லாமல் ‘சர்வசித்து வருடம்’ என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதால் சர்வசித்து 1887-88ஆகவும் இருக்கலாம், 1947-48ஆகவும் இருக்கலாம். தாளும் எழுத்துருவும் முகவுரையும்தான் எது என்று சொல்லும். தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்கி அடுத்த ஏப்ரல் நடுவில் முடிவதால், மாதம் தெரியாதபோது ஒற்றை ஆண்டைத் துணிந்து எழுதாதீர்கள். 1887-88 என்றே எழுதி, முகப்பில் உள்ள பெயரையும் பக்கத்தில் வையுங்கள். திருவள்ளுவர் ஆண்டு போட்டிருந்தால் 31ஐக் கழிக்க வேண்டும்: தி.ஆ. 2001 என்றால் 1970. ஆண்டே இல்லாத நூலுக்கு ‘ஆண்டு குறிப்பிடப்படவில்லை’ என்று எழுதுங்கள். நூலகத் தாளிலிருந்தோ முகவுரைத் தேதியிலிருந்தோ ஊகித்திருந்தால் அதைச் சதுர அடைப்பில் போடுங்கள், அப்போது அது ஊகம் என்பது தெரியும்.

‘மூன்றாம் பதிப்பு’ என்று அட்டையில் இருந்தால் உடனே நம்பிவிடக் கூடாது. நம் பதிப்பகங்கள் பலவும் மறுஅச்சையும் பதிப்பு என்றே சொல்கின்றன. முன்பதிப்பு ஒன்று கிடைத்தால் பக்க எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று இரண்டு மூன்று இடங்களில் சரிபாருங்கள். ஒத்துப்போனால் பெரும்பாலும் மறுஅச்சு. உரை திருத்தப்பட்டிருந்தாலோ பக்கம் நகர்ந்திருந்தாலோ பதிப்பு எண்ணைக் கட்டாயம் குறிக்க வேண்டும். முதற்பதிப்பு ஆண்டையும் அறிந்திருந்தால் இரண்டையும் கொடுங்கள். கருத்து எந்தக் காலத்தில் தோன்றியது என்பது அதில்தான் தெரியும்.

இன்னொரு பிழை மிகப் பரவலானது: அச்சகத்தை வெளியீட்டாளராக எழுதிவிடுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களில் ‘இன்ன அச்சுக்கூடத்தில் பதிப்பிக்கப்பட்டது’ என்ற வரி பெரிதாக இருக்கும். பணம் போட்டு வெளியிட்டவர் ஆசிரியராகவோ ஒரு வள்ளலாகவோ இருப்பார். பிற்கால நூல்களில் ‘விற்பனை உரிமை’ என்று வேறொரு கடைப் பெயரும் சேரும். வெளியீட்டாளர் யாரென்று தெரியாதபோது, அச்சுக்கூடத்தை ‘அச்சு:’ என்று தொடங்கி எழுதுங்கள். எம்எல்ஏயும் ஏபிஏயின் ஏழாம் பதிப்பும் 2024இல் வந்த சிகாகோ 18ஆம் பதிப்பும் ஊர்ப் பெயரைக் கேட்பதில்லை. தமிழ் நூல்களுக்கு ஊரை விடாதீர்கள் என்பேன். ஒரே பெயரில் பல ஊர்களில் பதிப்பகங்கள் உண்டு, யாழ்ப்பாணப் பதிப்பும் சென்னைப் பதிப்பும் தனித்தனி நூல்கள்.

ஆய்வுக்கோவை, தொகுப்பு நூல், சிற்றிதழ் இவற்றில் ஆசிரியரும் தொகுப்பாசிரியரும் குழம்பிப்போவது வழக்கம். நீங்கள் மேற்கோள் காட்டியது கட்டுரையை. ஆகவே கட்டுரை எழுதியவர் பெயர் முதலில், கட்டுரைத் தலைப்பு ஒற்றை மேற்கோள் குறிக்குள், பிறகு தொகுப்பின் பெயர், பதிப்பாசிரியர், கட்டுரை தொடங்கி முடியும் பக்கங்கள். இதழ் என்றால் மலர், இதழ் எண், மாதம். நாளிதழ் என்றால் ஊர்ப் பதிப்பையும் எழுதுங்கள். மதுரைப் பதிப்பில் ஐந்தாம் பக்கச் செய்தி சென்னைப் பதிப்பில் வராமலே போயிருக்கலாம். முன்பு சொன்ன நூலையே மீண்டும் சுட்டும் ‘மேலது’, ‘மு.நூ.’ (முற்சுட்டிய நூல்) இரண்டையும் கடைசி வரை ஒத்திப்போடுங்கள். பத்தியை இடம் மாற்றினால் ‘மேலது’ வேறொரு நூலைச் சுட்டத் தொடங்கிவிடும். தட்டச்சு முடிந்த ஆய்வேட்டில் இதைக் கண்டுபிடிப்பது பெரிய வேலை. எழுதும் நாள்களில் முழுக் குறிப்பே இருக்கட்டும்.

மின்னணு மூலத்திலும் அதே விதிதான், பிரதியின் வடிவம்தான் வேறு. இணையத்தில் கிடைக்கும் தமிழ் நூல் இரண்டு வகை. ஒன்று நூலைப் படமெடுத்த பிடிஎஃப். இதில் அச்சுப் பக்க எண்ணை எழுதுங்கள், திரையில் தெரியும் எண்ணை அல்ல. அட்டை, முகவுரை, பொருளடக்கம் எல்லாம் சேர்ந்து திரையின் 57, நூலின் 41ஆக இருக்கும். இன்னொன்று தட்டச்சு செய்த உரை. மதுரைத் திட்டம் 1998 முதல் இப்படித் தருகிறது. இங்கு பல கோப்புகளில் பக்க எண் இராது. பாடல் எண்ணோ இயலோ கொண்டு குறிக்க வேண்டும். கோப்பின் தலைப்பகுதியில் எந்த அச்சுப் பதிப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்தார்கள் என்ற குறிப்பு இருந்தால் அதையும் சேருங்கள். அச்சுநூலைப் பார்த்ததுபோலக் காட்டாமல் ‘மின்னுரை, மதுரைத் திட்டம், எண் இன்னது’ என்று எழுதுவதில் குறைவு ஒன்றுமில்லை. இலங்கை நூல் என்றால் நூலகம் தளத்தில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ‘நூலக எண்’ உண்டு. பக்கத்தின் முகவரி மாறினாலும் அந்த எண்ணை வைத்துத் தேடிவிடலாம்.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் மின்களஞ்சியமான சோத்கங்காவில் உள்ள ஆய்வேட்டுக்கு அத்தியாயம் ஒவ்வொன்றும் தனித்தனி பிடிஎஃப். மாணவர்கள் மூன்றாம் அத்தியாயக் கோப்பின் முகவரியை ஒட்டிவிடுகிறார்கள். ஆய்வேட்டின் முதன்மைப் பக்கத்தில் இருக்கும் நிலையான ஹேண்டில் முகவரியை எடுங்கள். பல்கலைக்கழகம், பட்டம், ஆண்டு மூன்றும் அதே பக்கத்தில் கிடைக்கும். இதழ்க் கட்டுரைக்கு டிஓஐ இருந்தால் (10. என்று தொடங்கும் நிலையான அடையாள எண்) அதை மட்டும் கொடுத்தால் போதும், பார்த்த தேதி தேவையில்லை. டிஓஐ இல்லாத வலைப்பக்கத்துக்குப் பார்த்த தேதியைக் கட்டாயம் எழுதுங்கள் என்பது என் கருத்து. எம்எல்ஏ அதை விருப்பத்துக்கு விடுகிறது, ஏபிஏ மாறக்கூடிய பக்கங்களுக்கு மட்டும் கேட்கிறது. தமிழ்த் தளங்கள் பல சில ஆண்டுகளில் மறைந்துவிடுகின்றன. மேற்கோள் காட்டும் அன்றே, வலைப்பக்கங்களின் நகலைக் காத்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்தப் பக்கத்தைச் சேமியுங்கள். கிடைக்கும் முகவரியில் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி அடங்கிய 14 இலக்கம் இருக்கும், அதையே குறிப்பில் வையுங்கள். விக்கிப்பீடியாவுக்கு வரலாற்றுப் பகுதியிலிருந்து நீங்கள் படித்த பதிப்பின் நிலையான இணைப்பை எடுங்கள். நாளை வேறொருவர் திருத்தினாலும் நீங்கள் பார்த்த வரிகள் அங்கே இருக்கும்.

தமிழ் எழுத்து உள்ள முகவரியை உலாவியிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் சதவீதக் குறிகளும் எண்களுமாக வால் நீளும். ‘தமிழ்’ என்ற சொல் ஒருங்குறியில் (யூனிகோடில்) ஐந்து குறியீடு, ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் மூன்று எழுத்து; ஆக 45 எழுத்து. அச்சில் மூன்று வரியை அடைத்துக்கொள்ளும் இந்த வாலை யாரும் தட்டிப் பார்க்க மாட்டார்கள். தளத்தில் குறுக்கிணைப்போ எண் கொண்ட முகவரியோ கிடைக்கிறதா என்று தேடுங்கள். வரி உடையும்போது சொல்செயலி தானாக இணைக்கோடு சேர்த்துவிடக் கூடாது. முகவரியில் இல்லாத கோடு ஒன்று நுழைந்தால் இணைப்பு வேலை செய்யாது.

அகர வரிசையை நம்பிக் கணினியிடம் விட்டுவிட வேண்டாம். ஒருங்குறியில் எழுத்துகள் ந, ன, ப என்றும் ர, ற, ல, ள, ழ, வ என்றும் அடுக்கப்பட்டிருக்கின்றன. நம் வரிசை ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. குறியீட்டு எண்ணை வைத்து வரிசைப்படுத்தும் நிரல் ‘கனகசபை’யைக் ‘கமலா’வுக்கு முன்னும் ‘அறிவழகன்’ஐ ‘அழகப்பன்’ஐ முந்தியும் வைக்கும். புள்ளி வைத்த எழுத்திலும் இதே பாடு: அகராதியில் ‘சக்திவேல்’ முதலில், ‘சகாதேவன்’ பின்னால், குறியீட்டில் தலைகீழ். வேர்டில் வரிசைப்படுத்தும் பெட்டியின் விருப்பத்தேர்வில் மொழியைத் தமிழ் என்று மாற்றினால் பெருமளவு சரியாகும். அதன் பிறகும் ன, ற, ழ, ள வரும் பெயர்களை ஒருமுறை கண்ணால் ஓட்டுங்கள். ஜ, ஷ, ஸ, ஹ தொடங்கும் பெயர்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் வரும். ஜானகிராமனைச் ‘ச’வுக்கு அடுத்து வைப்பதும் சிலர் வழக்கம், ஆனால் இரண்டையும் கலக்காதீர்கள். ‘மௌனி’யை ‘மெளனி’ என்று தட்டியிருந்தால் (‘ள’ எழுத்தைப் போட்டு) கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடலில் அகப்படாது, வரிசையிலும் இடம் மாறும்.

ஆங்கில நடைகள் நூற்பெயரைச் சாய்வெழுத்தில் கேட்கும். தமிழில் சாய்வெழுத்து மரபு இல்லை. மென்பொருள் எழுத்தைப் பிடித்துச் சரிக்கும்போது கொம்பும் புள்ளியும் அடுத்த எழுத்தில் இடிக்கும். நூற்பெயருக்குத் தடித்த எழுத்து, கட்டுரைத் தலைப்புக்கு ஒற்றை மேற்கோள் என்று வைத்துக்கொண்டால் அச்சில் தெளிவாக இருக்கும். இரண்டாம் வரி உள்ளே தள்ளி வருவதற்கு ஸ்பேஸ் தட்டாதீர்கள். வேர்டில் கன்ட்ரோலும் டி எழுத்தும் சேர்த்து அழுத்தினால் அரை அங்குலம் உள்ளே போகும். எழுத்துரு மாற்றினாலும் அது கலையாது.

ஜொட்டேரோ போன்று துணைநூற்பட்டியலைத் தொகுத்துத் தரும் கருவி பயன்படுத்துகிறவர்கள் இயற்பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் முன்னெழுத்தை முதல் பெயர்க் கட்டத்திலும் இடுங்கள். நூலகப் பட்டியலிலிருந்து தானாக இறங்கும் பதிவில் இது பெரும்பாலும் தலைகீழாக வரும். பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃபிலிருந்து தலைப்பை நகலெடுத்தால் புரியாத குறிகளாகக் கொட்டும். கையால் தட்டச்சு செய்வதுதான் வழி. செயற்கை நுண்ணறிவு அரட்டைக் கருவி தரும் நூற்பட்டியலை ஒவ்வொரு பதிவாக நூலகத்திலோ மின்னூலகத்திலோ எடுத்துப் பார்க்காமல் சேர்க்காதீர்கள். உண்மையான ஆசிரியர், உண்மையான பதிப்பகம், ஆனால் அப்படி ஒரு நூலே வந்ததில்லை என்ற பதிவுகள் அதில் வரும். பிரதி கிடைக்கவில்லை என்றால் அந்தப் பதிவை அடித்துவிடுங்கள், அதை நம்பி எழுதிய வரியையும் சேர்த்து.