இடுப்புக்குத்தானே ஸ்கேன்?

அப்பாவுக்கு பார்க்கின்சன். மூளைக்கு மின் தூண்டல் தரும் டிபிஎஸ் கருவி வைத்து ஆறு வருடம் ஆகிறது. மூளைக்குள் இரண்டு பக்கமும் மெல்லிய மின்முனைகள், அங்கிருந்து காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இறங்கும் ஒயர், காரை எலும்புக்குக் கீழே பேட்டரி. போன மாதம் இடுப்பு வலி காலுக்கு இறங்க, எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தார்கள்.

முதலில் போன ஸ்கேன் சென்டரில், "கருவி தலையில்தானே? எடுக்கப்போவது இடுப்பு. பரவாயில்லை" என்றார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அப்பாதான் பர்ஸிலிருந்து டிபிஎஸ் அட்டையை எடுத்துக் காட்டி, "என் டாக்டரைக் கேட்காமல் படுக்க மாட்டேன்" என்று எழுந்துவிட்டார். வீடு வரும்வரை திட்டிக்கொண்டே வந்தேன்.

டாக்டரிடம் போனபோதுதான் விஷயம் புரிந்தது. காந்தம் இழுத்துவிடும் என்பதல்ல பெரிய பயம், சூடு. ஸ்கேனர் அனுப்பும் ரேடியோ அலைகளை அந்த நீள ஒயர் ஆண்டெனா மாதிரி வாங்கிக்கொள்ளும். சூடு சேர்வது நுனியில். நுனி இருப்பதோ மூளையில். இடுப்பை எடுத்தாலும் இயந்திரத்துக்குள் இருக்கும் பெரிய கம்பிச்சுருள் மார்புப் பக்கமும் அலையை வீசும். 2005இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கையைச் சொன்னார்: பார்க்கின்சன் நோயாளி, 1 டெஸ்லா காந்த வலிமையுள்ள இயந்திரம், எடுத்தது இடுப்புதான். மின்முனையைச் சுற்றி ரத்தம் கசிந்து, நிரந்தரப் பாதிப்பு. எனக்கு வாய் அடைத்துப்போனது.

அதற்காக எம்ஆர்ஐயே கூடாது என்றும் இல்லை. மின்முனை, ஒயர், பேட்டரி மூன்றின் மாடல் எண்ணையும் வைத்துத்தான் எந்த இயந்திரம், எவ்வளவு சக்தி என்று முடிவாகும். அப்பாவின் அட்டையில் ஒயரின் எண் அழிந்து கிடந்தது. பழைய ஆபரேஷன் குறிப்பைத் தேடி எடுத்தோம். அப்புறம் மின்தடை சோதனை. ஒயர் எங்காவது முறிந்திருந்தால் ஸ்கேன் கிடையாதாம். எல்லாம் சரியாக இருந்ததால் 1.5 டெஸ்லாவில் எடுக்கலாம், தூண்டலை நிறுத்திவிட்டு, என்றார்கள்.

நிறுத்திய சில நிமிடத்தில் வலது கை ஆட ஆரம்பித்தது. ஆறு வருடமாகப் பார்க்காத ஆட்டம். டெக்னீஷியன் கைக்கு இரண்டு பக்கமும் ஸ்பாஞ்ச் வைத்து அணைத்தும் முதல் படங்கள் கலங்கி வந்தன, திரும்ப எடுத்தார்கள்.

வெளியே வந்து ஆன் செய்ததும் கை மெல்ல அடங்கியது. என்னிடமிருந்து அட்டையைக் கேட்டு வாங்கி பர்ஸில் வைத்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி எழுந்தார். டிஸ்க் விலகல்தான்.