வாளையாருக்கு அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் எம்.எஸ்ஸி.: உதவித்தொகை எங்கே கேட்பது?

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து கோவைக்கு முதுகலை படிக்க வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகையைக் கொடுக்க வேண்டியது கல்லூரி இருக்கும் மாநிலம் அல்ல, குடும்பம் நிரந்தரமாகக் குடியிருக்கும் மாநிலம். கல்லூரி அலுவலகத்தில் "தமிழ்நாட்டுச் சாதிச் சான்று வாங்கிட்டு வாங்க" என்றார்கள். அதை நம்பி இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைந்ததில் ஒரு வாரம் வீண். கேரளக் குடும்பமென்றால் கேரள அரசின் உதவித்தொகைத் தளமான இ-கிராண்ட்ஸில்தான் கேட்க வேண்டும்.

ஓ.பி.சி. மாணவர்களுக்கு வேறொரு சிக்கல். கேரளத்தில் வில்லேஜ் ஆபீசர் தரும் நான்-கிரீமிலேயர் சான்று (ஓ.பி.சி.யில் வசதி படைத்த பிரிவில் இல்லை என்பதற்கான சான்று) மாநிலத் தேவைக்கு மட்டும்தான். மத்திய அரசுத் திட்டங்களுக்குத் தாசில்தார் கையெழுத்திட்ட, மத்தியப் படிவத்தில் உள்ள சான்று வேண்டும். அக்ஷயா மையத்தில் (கேரளத்தின் இ-சேவை மையம்) விண்ணப்பிக்கும்போதே எதற்காக என்று சொல்லிவிடுங்கள்.

மற்ற வழிகளில், 2023-24இல் தொடங்கிய யு.ஜி.சி. முதுகலை உதவித்தொகை நல்ல தொகை: மாதம் 15,000 ரூபாய், ஆண்டுக்கு 10 மாதம். முதலாம் ஆண்டிலேயே போட்டுவிட வேண்டும். இரண்டாம் ஆண்டில் புதிதாகக் கேட்க முடியாது. இதற்கு விண்ணப்பிக்கும் தேசிய உதவித்தொகைத் தளத்தில் கல்லூரியைத் தேர்வு செய்யும்போது பெயரை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் வரும். ஒவ்வொரு கல்லூரிக்கும் மத்திய அரசு தரும் அடையாள எண்ணான ஐஷே (AISHE) எண்ணைக் கல்லூரியில் கேட்டு ஒப்பிடுங்கள். தவறான கல்லூரிக்குப் போன விண்ணப்பத்தை அங்கே யாரும் சரிபார்க்க மாட்டார்கள். விண்ணப்பம் 'டிஃபெக்டிவ்' (குறையுள்ளது) என்று திரும்பி வந்தால் கெடு முடிவதற்குள் திருத்தி மறுபடி அனுப்பலாம். அதனால் வாரம் ஒரு முறையாவது நிலையைப் பாருங்கள்.

எல்லையோரத்தில் பெயர்தான் பெரிய தொல்லை. கேரளச் சான்றில் இனிஷியல் பின்னால், தமிழ்நாட்டுச் சான்றில் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. எதையும் தொடங்கும் முன் ஆதாரை எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தோடு பொருந்தத் திருத்திக்கொள்ளுங்கள்.

பணம் 'அனுப்பியாச்சு' என்று காட்டியும் கணக்கில் வராததற்குக் காரணம் பெரும்பாலும் சீடிங், அதாவது ஆதாருக்கு வரும் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்ற இணைப்பு. வங்கிக் கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்திருப்பது மட்டும் போதாது, வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் அமைப்பான என்.பி.சி.ஐ.யின் பட்டியலில் உங்கள் ஆதாருக்கு நேராக அந்த வங்கி ஏறியிருக்க வேண்டும். விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண்ணை எழுதினாலும், கடைசியாக சீடிங் செய்த வங்கிக்கே பணம் போகும். கல்லூரிக்காகக் கோவையில் புதுக் கணக்குத் திறந்தவர்கள் ஊர்க் கணக்கைப் பார்த்துக்கொண்டே இருப்பது இதனால்தான். ஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதெல்லாம் கைகூடாவிட்டால் கல்விக்கடன். 4 லட்சம் வரை நம் பங்காக எதுவும் போட வேண்டாம், 7.5 லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக்கூடாது. கோவைக் கிளையில் "வீடு கேரளா, அங்க போங்க" என்றும், ஊர்க் கிளையில் "காலேஜ் கோவை, அங்க கேளுங்க" என்றும் சொல்வார்கள். கல்விக்கடனுக்கு சர்வீஸ் ஏரியா விதி (கிளைக்கு ஒதுக்கிய பகுதிக்குள் மட்டும் கடன் தருவது) கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2012 நவம்பரிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதை அச்செடுத்துக்கொண்டு போய், "மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்டதும் அதே மேசையில் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். தேதியிட்ட ரசீது வாங்காமல் மட்டும் எழுந்து வராதீர்கள்.