அமிதாபர் அக்கரையில் இருக்கிறார்: உஜி நதிக்கரையில் ஒரு நாள்

கியோட்டோ போகிறவர்கள் பெரும்பாலும் தங்கத் தகடு போர்த்திய கோயில், வரிசையாக நிற்கும் சிவப்பு வளைவுகள் என்று ஓடி ஓடிப் பார்த்துவிட்டு அப்படியே ஒசாகாவுக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். ஜே.ஆர். நாரா லைனில் அரை மணி நேரத்துக்குள் உஜி வந்துவிடும் என்று சொன்னால், 'அங்கே டீதானே விசேஷம்' என்கிறார்கள். டீயும் விசேஷம்தான், ஸ்டேஷனை விட்டு இறங்கிக் கடைவீதிக்குள் நுழைந்ததுமே தேயிலை வறுக்கிற வாசனை வந்துவிடுகிறது. ஆனால் அந்தக் கடைவீதி முடிகிற இடத்தில் பியோதோயின் என்ற பழைய புத்தர் கோயில் இருக்கிறது. ஜப்பானில் நான் பார்த்த கோயில்களில் நின்று கும்பிட வேண்டும் என்று தானாகவே கை கூடியது இங்கேதான்.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஜூலையில் போனோம். ஜப்பான் என்றால் குளிர் என்று நினைத்து ஸ்வெட்டர் எடுத்து வந்திருந்தாள். உஜியில் அன்றைக்கு அடித்த புழுக்கம் சென்னைக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை, போதாக்குறைக்குச் சிள்வண்டுகளின் சத்தம் வேறு.

முதலில் ஆற்றைப் பார்த்தோம். பிவா ஏரியிலிருந்து கிளம்பி வருகிற தண்ணீர் இது, உஜி என்ற பெயரில் இந்த ஊரைக் கடந்து போய், கடைசியில் யோதோ ஆறாக ஒசாகாவில் கடலைச் சேர்கிறது. பச்சை நிறம், நல்ல வேகம். "காலையாவது நனைச்சுட்டு வரேன்டி" என்று அம்மா இறங்கப் பார்த்தாள், அந்த இழுப்பைப் பார்த்துவிட்டு நான்தான் வேண்டாம் என்று பிடித்துக்கொண்டேன்.

கோயிலுக்குள் போகுமுன் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தெரிந்துகொண்டு பார்த்தால்தான் அந்த இடம் பிடிபடும். இது முதலில் கோயிலே இல்லை. ஃபுஜிவாரா நோ மிச்சினாகா என்று ஒருவர், சக்கரவர்த்திகளுக்கே பெண் கொடுத்து ஆட்சியைக் கையில் வைத்திருந்த பெரிய மனுஷர், அவருடைய ஆற்றங்கரை மாளிகை. அவர் மகன் யோரிமிச்சி 1052-ல் அதைக் கோயிலாக மாற்றினார். அந்த ஆண்டில்தான் புத்தரின் தர்மம் தேய்ந்துபோகும் கடைசிக் காலம் பிறக்கிறது என்று அன்றைய ஜப்பானில் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள், நம் கலிகாலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் தியானம், தவம் என்று சொந்த முயற்சியால் கரையேறுவது கஷ்டம், தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவரை வந்து அழைத்துப்போவதாக விரதம் எடுத்திருக்கிற அமிதாப புத்தரைப் பற்றிக்கொள்வதுதான் வழி என்று நம்பினார்கள். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா, "சரணாகதின்னு சொல்லு" என்று முடித்துவிட்டாள். நான் இவ்வளவு நீட்டியிருக்கவே வேண்டாம்.

அடுத்த ஆண்டு, 1053-ல், எழுந்ததுதான் அமிதாபர் மண்டபம். நடுவில் மண்டபம், இரண்டு பக்கமும் இறக்கை விரித்த மாதிரி நடைக்கூடங்கள், பின்னால் வால் மாதிரி ஒரு கூடம், கூரை உச்சியில் எதிரெதிரே இரண்டு ஃபீனிக்ஸ் பறவைகள். அதனால் பிற்காலத்தில் ஃபீனிக்ஸ் மண்டபம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பத்து யென் காசின் ஒரு பக்கத்தில் இருப்பதும் இதுதான். அம்மா பர்ஸிலிருந்து ஒரு காசை எடுத்து, கட்டிடத்துக்கு நேரே பிடித்து, தூண்களை ஒப்பிட்டுப் பார்த்தாள்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அந்த இறக்கைகள். மாடி வைத்து அத்தனை அழகாகக் கட்டியிருக்கிறார்களே, மேலே என்ன இருக்கும் என்று பார்த்தால் ஒன்றுமே கிடையாது, ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கக்கூட உயரம் போதாது. யாரும் ஏறிப்போவதற்காக அதைக் கட்டவில்லை. முன்னால் இருக்கிற குளத்தின் எதிர்க்கரையில் நிற்பவன் கண்ணுக்காகக் கட்டியது. இந்தக் கோயிலில் உள்ளே போவது இரண்டாம் பட்சம், வெளியே, குளத்துக்கு இந்தப்பக்கம் நிற்பதுதான் வழிபாடு என்று எனக்குப் பட்டது. மண்டபம் கிழக்கு பார்த்தது. அதனால் கும்பிடுகிறவர் முகம் மேற்கே திரும்பும், அமிதாபரின் சொர்க்கமான சுகாவதி உலகம் இருப்பதாகச் சொல்லும் திசை. நடுவில் குளம். நாம் நிற்பது இக்கரை, அவர் இருப்பது அக்கரை. தோட்டம் என்று இங்கே சொல்வது வெறும் அலங்காரம் இல்லை, சுகாவதி இப்படித்தான் இருக்கும் என்று தண்ணீரிலும் கல்லிலும் செய்து காட்டியிருக்கிறார்கள். குளக்கரையில் பரப்பியிருக்கிற கூழாங்கற்கள்கூட, அகழாய்வில் பழைய கரை தெரியவந்த பிறகு அதே மாதிரி திரும்ப அமைத்தவை.

அங்கே நிற்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மண்டபத்தின் முன்பக்கம் மரச்சட்டங்களால் ஆன பின்னல் தடுப்பு இருக்கிறது. அதில் சரியாக அமிதாபரின் முகம் வருகிற உயரத்தில் வட்டமாக ஒரு திறப்பு விட்டிருக்கிறார்கள். உடம்பு மறைந்திருக்க, முகம் மட்டும் அந்த வட்டத்துக்குள் பொன்னிறமாகத் தெரிகிறது. அந்த வட்டம் தண்ணீரிலும் விழுகிறது. வெயில் கண்ணைக் கூசியதில் அம்மாவுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை, குடையைத் தாழ்த்திப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தவள், திடீரென்று "தெரியறது, தெரியறது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் கரையிலேயே விழுந்து நமஸ்காரம் செய்தாள். பக்கத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் போனைத் தாழ்த்திக்கொண்டு ஒதுங்கி இடம் விட்டார்கள்.

மண்டபத்துக்குள் போகத் தனியாகச் சீட்டு வாங்க வேண்டும், கூட்டம் கூட்டமாகத்தான் விடுவார்கள், போட்டோ எடுக்கக் கூடாது. கோயிலுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அந்தச் சீட்டை வாங்கி நேரத்தை உறுதி செய்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் தோட்டத்தைச் சுற்றுவது நல்லது. ஜோச்சோ என்ற சிற்பி செய்த அமிதாபர் ஏறக்குறைய 2.8 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். சைப்ரஸ் மரத்துண்டுகளை உள்ளீடு குடைந்து, ஒன்றோடொன்று பொருத்தி, மேலே பொன் இலை ஒட்டியது. ஜோச்சோவின் வேலை என்று உறுதியாகச் சொல்லக்கூடிய சிலைகளில் இன்றைக்கு மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். கடுமையே இல்லாத முகம், பாதி மூடிய கண். தீர்த்தம், சடாரி எதுவும் கிடையாதா என்று அம்மா தேடினாள். கிடையாது. விளக்கம் சொன்ன பெண்ணும் ஜப்பானிய மொழியில்தான் பேசினார்.

சுவரிலும் கதவுகளிலும் உள்ள ஓவியங்கள் நிறைய மங்கிவிட்டன, ஆனாலும் விஷயம் பெரியது. சாகப் போகிறவரை அழைத்துப்போக அமிதாபர் பரிவாரத்தோடு இறங்கி வருகிற காட்சிகள் அவை. மனிதர்களை அவரவர் யோக்கியதைப்படி ஒன்பது தரமாகப் பிரித்திருக்கிறார்கள், உத்தமரிலிருந்து மகா பாவி வரை. கடைசித் தரத்தில் இருப்பவனையும் அவர் விடுவதில்லை, கூப்பிட்டால் வருகிறார். "அப்ப நமக்கும் ஒரு இடம் இருக்கு" என்று அம்மா மெதுவாகச் சொன்னாள், எந்தத் தரம் என்று நான் கேட்கவில்லை.

மேலே சுவரைச் சுற்றி மேகங்களில் ஏறி மிதக்கிற 52 போதிசத்துவர்கள், புத்தநிலையை நோக்கிப் போகிறவர்கள், சிலைகளாக. கழுத்தை வளைத்துப் பார்த்து ஏமாற வேண்டாம், அவர்களில் 26 பேர் தோட்டத்து ஓரத்தில் உள்ள ஹோஷோகான் அருங்காட்சியகத்தில் கண்மட்டத்தில் இருக்கிறார்கள். 2001-ல் திறந்த அந்தக் கட்டிடத்தைத் தோட்டத்தின் பார்வையைக் கெடுக்காமல் பாதி மண்ணுக்குள் புதைத்த மாதிரி கட்டியிருப்பது நல்ல புத்தி. ஒருவர் தாளம் போடுகிறார், ஒருவர் குழல் ஊதுகிறார், ஒருவர் முழங்காலைத் தூக்கி ஆடுகிறார். ஒரு ஜீவன் கரையேறுவதை இத்தனை பேர் கச்சேரி வைத்துக் கொண்டாடுகிறார்கள்! கூரையில் இருந்த அசல் ஃபீனிக்ஸ் பறவைகளும் இங்கேதான் இருக்கின்றன, மேலே நிற்பவை பிரதிகள்.

இத்தனை சாந்தமான இடத்தில் ரத்தமும் சிந்தியிருக்கிறது. 1180-ல் உஜிப் பாலத்துப் பலகைகளைப் பிடுங்கிப் போட்டு எதிரியைத் தடுக்கப் பார்த்தும் முடியாமல், எழுபதைக் கடந்த கவிஞரும் வீரருமான மினமோத்தோ நோ யோரிமாசா இந்த வளாகத்தில்தான் வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்தார். அந்தப் புல்தரையை விசிறி வடிவில் அடைத்து வைத்திருக்கிறார்கள். 1336-ல் நடந்த சண்டையில் பெரும்பாலான கட்டிடங்கள் எரிந்துபோக, மரத்தால் ஆன இந்த மண்டபம் தப்பியது. இப்போது கோயில் எந்த ஒரு பிரிவுக்கும் சொந்தமில்லை, தெந்தாய், ஜோதோ என்று இரண்டு பிரிவுகளின் துணைக்கோயில்கள் சேர்ந்து நிர்வகிக்கின்றன. இரண்டு பேர் சேர்ந்து ஒரு கோயிலைச் சண்டையில்லாமல் நடத்துவது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குத் தெரியாதா என்ன.

வெளியே வந்து சின்னப் பாலம் ஏறினால் ஆற்று நடுவில் தீவு. அங்கே சுமார் 15 மீட்டர் உயரத்தில் பதின்மூன்று அடுக்குக் கல் கோபுரம். 1286-ல் எய்சோன் என்ற துறவி எழுப்பியது, யாருக்கு என்றால், மீன்களுக்கு. உஜிப் பாலம் அடிக்கடி வெள்ளத்தில் போவதற்கு இந்த ஆற்றில் கொல்லும் மீன்களின் பாவமே காரணம் என்று, மீன்பிடியை நிறுத்தச் செய்து, வலைகளையும் கருவிகளையும் கீழே புதைத்து மேலே கோபுரம் வைத்தார். 1756 வெள்ளத்தில் அது சாய்ந்து, 1908-ல்தான் மறுபடி நிமிர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே தீவில் இப்போது நீர்க்காகக் கூண்டுகள் இருக்கின்றன. பழக்கிய நீர்க்காகங்களை விட்டு மீன் பிடிக்கிற வழக்கம் நின்றுபோயிருந்தது, அதை 1926-ல் மறுபடி தொடங்கிவிட்டார்கள், கோடையில் இரவானால் தீப்பந்தப் படகுகள் கிளம்பும், பறவைகளின் கழுத்தில் கயிறு. அம்மா கோபுரத்தை ஒரு பிரதட்சிணம் வந்துவிட்டுக் கூண்டுகளையும் எட்டிப் பார்த்தாள். "இந்தச் சாமியார் பேச்சை ஆத்துல விட்டுட்டாங்களேடி" என்றாள்.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உஜியின் பச்சைத் தேயிலை நூடுல்ஸ் பார்க்கவே ஆசையாக இருக்கும், ஆனால் குழம்பு பெரும்பாலும் மீன் சாறில் செய்வது. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், அல்லது எங்களை மாதிரி புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள். மாட்சா என்கிற பச்சைத் தேயிலைத் தூளில் செய்த ஐஸ்கிரீமுக்கு அந்தத் தொல்லை கிடையாது, கசக்கிறது என்று முகத்தைச் சுளித்த அம்மா என்னுடையதிலும் பாதியைச் சாப்பிட்டாள்.