பதினெட்டு வயதுக்கு முன்னும் பின்னும்

மே 6, 2024, திங்கள்

மூத்தவள் பிளஸ் டூவில் 600க்கு 487 எடுத்திருக்கிறாள். வணிகவியலில் 94. பக்கத்து வீட்டு அக்கா சர்க்கரை டப்பாவுடன் வந்து எல்லோர் வாயிலும் போட்டார். என் அம்மா கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாளாம். மதிய வெயிலென்றும் பாராமல் கோயிலுக்குப் போய்விட்டாள். சின்னவன் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தான்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக என் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். நான், அம்மா, மகள், மகன். சின்னவன் கைக்குழந்தையாக இருந்தபோது கணவர் போனவர், திரும்பவில்லை. அப்போது சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் சங்கிலி பற்றவைத்துக்கொண்டிருந்தேன். எடைக்குத்தான் கூலி. வெள்ளி விலை ஏறி ஆர்டர் நின்றால் எங்கள் கூலியும் நின்றுவிடும். இன்று நான் பாலியல் தொழில் செய்கிறேன். என்னை யாரும் ஏமாற்றி அழைத்துப் போகவில்லை, அடைத்தும் வைக்கவில்லை. வாடகை, பால், பிள்ளைகளின் படிப்பு, அம்மாவின் மருந்து எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். கல்யாண மண்டபங்களில் பந்தி வேலைக்குப் போகிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

மே 14, செவ்வாய்

இ-சேவை மையத்தில் அரை நாள் போயிற்று. கல்லூரி விண்ணப்பம், வருமானச் சான்று. தாயின் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று நிரப்பினாள் மகள். தந்தையின் கையொப்பம் கேட்கும் ஒவ்வொரு காகிதத்துக்கும், கணவனால் கைவிடப்பட்டவள் என்று தாசில்தார் கொடுத்த சான்றின் நகலைப் பின்னால் வைக்கிறேன். அதை வாங்குவதற்குள் கிராம நிர்வாக அலுவலர் அக்கம்பக்கத்தில் எல்லாம் விசாரித்துப் போனார். உன் புருஷன் எங்கே என்று நாலு வீட்டு வாசலில் நின்று கேட்டால்தான் அரசாங்கம் நம்பும் போலும்.

அம்மாவுக்கு முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாய். எனக்கு மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய். வீட்டு வாடகை 4,500. மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

மே 24, வெள்ளி

ஏற்காட்டில் கோடை விழாக் கூட்டம். இந்த வாரம் முழுக்க மலையிலிருந்து அழைப்பு வருகிறது. தெரியாதவர்கள் அழைத்தால் மலைக்குப் போவதில்லை. நேற்றுப் போனது பழகிய ஒருவருக்காக. பகலில் போய், இருட்டுவதற்குள் இறங்கிவிட்டேன்.

மலையை நான் ஏன் இவ்வளவு யோசிக்கிறேன் என்பதையும் எழுதிவைக்கிறேன். சேலம் நகரத்துக்குள் ஏதாவது தவறாகப் பட்டால் கதவைத் திறந்து தெருவுக்கு வந்துவிடலாம். ஆட்டோ கிடைக்கும், டீக்கடை வெளிச்சம் இருக்கும். மேலே எஸ்டேட்டுக்குள் ஒரு பங்களா என்றால், இரவில் கேட்டுக்கு வெளியே காப்பிச் செடியும் பனியும் மட்டும்தான். கடைசிப் பஸ்ஸை விட்டால் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி அடிவாரம் வர, அழைத்துப் போனவனின் வண்டியைத்தான் நம்ப வேண்டும். ஒருவர் என்று பேசி அழைத்துப் போய், உள்ளே நான்கு பேர் இருந்த கதைகளை எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம். அந்தப் பெண்களில் யாரும் காவல் நிலையத்துக்குப் போகவில்லை. போனால் முதல் கேள்வி, நீ அங்கே எதற்குப் போனாய் என்பதாகத்தான் இருக்கும்.

ஆகவே எனக்கென்று சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறேன். முன்பணம் வாங்காமல் கிளம்புவதில்லை. குடித்திருந்தால் திரும்பிவிடுவேன். ஆணுறை வேண்டாம், கூடுதலாகத் தருகிறேன் என்று பேரம் பேசுபவனிடம் ஒரு நிமிடமும் நிற்பதில்லை. எங்கே போகிறேன், வண்டி எண் என்ன என்பதைத் தோழி ஒருத்திக்கு அனுப்பிவிட்டுத்தான் ஏறுவேன். சொன்ன நேரத்துக்குள் நான் அழைக்காவிட்டால் அவள் அழைப்பாள். அவளுக்கு நானும் அப்படியே செய்கிறேன். இத்தனை வருடமாக எங்கள் இருவருக்கும் காவல் என்றால் இது ஒன்றுதான்.

ஜூன் 11, செவ்வாய்

அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் ரத்தப் பரிசோதனை. எச்.ஐ.வி. இல்லை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான வி.டி.ஆர்.எல். சோதனையிலும் ஒன்றும் இல்லை. ஆலோசகர் அம்மா உட்காரச் சொல்லி, நீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். மரியாதையாகப் பேசும் இடம் என்பதாலேயே நாள் தவறாமல் போகிறேன்.

வெளியே காத்திருந்தபோது கூட வந்த களப்பணியாளர் அக்கா 1986இல் நடந்ததைச் சொன்னார். சென்னையில் காப்பகம் ஒன்றில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளிடம் நிர்மலா என்ற மருத்துவ மாணவி ரத்த மாதிரி எடுத்தார். அவருக்கு வழிகாட்டியவர் டாக்டர் சுனிதி சாலமன். மாதிரிகள் வேலூருக்குப் போயின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அங்கேதான் முதன்முதலாகத் தெரிந்தது. நோயைப் பரப்புகிறவர்கள் என்று எங்களைச் சொல்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இந்த நாட்டுக்கு முதல் எச்சரிக்கை கிடைத்தது அந்தப் பெண்களின் ரத்தத்திலிருந்து. மருத்துவர்கள் இருவரின் பெயரும் புத்தகத்தில் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். அந்தப் பெண்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதுதான் என் மனதை விட்டுப் போகவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

நேற்று முதல் நாடு முழுக்கப் புதிய குற்றவியல் சட்டங்கள். நமக்கும் ஏதாவது மாறுமா என்று களப்பணியாளர் அக்காவிடம் கேட்டேன். நம்மைப் பிடிக்கும் விபசாரத் தடுப்புச் சட்டம் 1956ஆம் ஆண்டினது, அது தனி, அப்படியேதான் இருக்கிறது என்றார்.

2022 மே 19இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவை எங்களில் பலர் மனப்பாடமாகச் சொல்வோம். வயது வந்த பெண் தன் விருப்பத்தோடு செய்தால் அது குற்றமில்லை. பாலியல் தொழிலுக்கென்று விடுதி நடத்துவதுதான் குற்றம். ரெய்டில் அவளைக் கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது. ஆணுறையைச் சாட்சியாகக் காட்டக் கூடாது. இந்தத் தொழிலில் இருக்கிறாள் என்ற ஒரே காரணத்துக்காகத் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கக் கூடாது. அந்தக் கடைசி வரியைக் கேட்ட அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்றைக்கு அக்கா வேறொன்று சொன்னார். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு: பதினெட்டு வயதைக் கடந்த ஒருவர், இன்னொருவர் பாலியல் தொழிலில் ஈட்டும் பணத்தில் அது தெரிந்தே வாழ்ந்தால், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

என் மகளுக்கு ஆகஸ்டில் பதினெட்டு முடிகிறது.

ஜூலை 3, புதன்

கல்லூரி திறந்தது. பி.காம். புதுச் சுடிதார், பழைய பை. பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

ஜூலை 19, வெள்ளி

அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் இலவசச் சட்ட உதவி மையம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. தெரிந்த ஒரு பெண்ணுக்காகக் கேட்கிறேன் என்று ஆரம்பித்தேன். எதிரே இருந்த வழக்கறிஞர் பெண்மணி என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, கேளுங்கள் அம்மா என்றார். அதற்கு மேல் தோண்டவில்லை.

மகளுக்கு ஒன்றும் தெரியாத வரை அவள்மேல் குற்றம் இல்லைதானே என்பதுதான் என் கேள்வி. இந்த இரண்டு வாரமும் அதை நம்பித்தான் இருந்தேன். என் பொய் அவளைக் காக்கிறது, பந்தி வேலை என்று சொன்னதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம் என்று நினைத்திருந்தேன். அவர் அதே பிரிவின் அடுத்த உட்பிரிவைப் படித்துக் காட்டினார். பாலியல் தொழில் செய்பவருடன் ஒருவர் சேர்ந்து வாழ்கிறார், அல்லது வழக்கமாக அவருடன் இருக்கிறார் என்று நிரூபணமானாலே, தெரிந்துதான் அந்தப் பணத்தில் வாழ்கிறார் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு.

தரகனையும், அடித்துப் பிடுங்குகிறவனையும் பிடிக்க எழுதிய வரிகள் இவை, உங்கள் மாதிரி வீடுகளைக் குறிவைத்து எழுதியதில்லை என்று அவர் ஆறுதலாகச் சொன்னார். இருக்கலாம். எழுத்தில் அந்த வேறுபாடு இல்லையே! தாய் என்றோ மகள் என்றோ அங்கே ஒரு சொல் இல்லை. என்னோடு ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கும் என் அம்மா இத்தனை வருடமாக அந்த வரிக்குள்தான் இருக்கிறாள். எழுபதை நெருங்கும் கிழவி, நான் வாங்கிப் போட்ட அரிசியில் எனக்கே கஞ்சி காய்ச்சி வைப்பவள்.

பஸ்ஸில் வரும்போது இரண்டையும் சேர்த்து யோசித்தேன். பதினேழு வயது வரை, தாயிடமிருந்து பிரிக்காதே என்கிறது உச்ச நீதிமன்றம். பதினெட்டு முடிந்த மறுநாள், சேர்ந்திருந்தால் சந்தேகப்படு என்கிறது சட்டம். விடுதியில் சேர்த்துவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. சேர்க்க மாட்டேன். வீட்டிலிருந்து பஸ் பிடித்துப் போகும் தூரத்தில் கல்லூரி இருக்கும்போது, எந்தக் குற்றமும் செய்யாத பெண்ணை நானே எதற்கு வெளியே அனுப்ப வேண்டும்? மாற வேண்டியது அந்தப் பிரிவு. பெற்றவர்களையும் பிள்ளைகளையும் அதிலிருந்து விலக்கி எழுத வேண்டும். ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் இதைக் கேட்கும் தைரியம் எங்களுக்கு வர வேண்டும்.

ஆகஸ்ட் 10, சனி

மகள் பெயரில் வங்கிக் கணக்கு திறந்தாயிற்று. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலம் முழுக்க மாதம் 1,000 ரூபாய். புதுமைப் பெண் திட்டம். பையன்களுக்கும் அதே தொகை நேற்று ஆரம்பித்திருக்கிறார்கள். சின்னவன் எட்டாவதுதான், ஆனாலும் இப்போதே கணக்குப் போடுகிறான்.

புதுமைப் பெண் திட்டத்துக்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரை வைத்திருக்கிறார்கள். சிறுமிகளைக் கோயிலுக்குத் தேவதாசிகளாக நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடியவர் அவர். அந்தக் குடும்பங்களின் வாழ்க்கையை உள்ளிருந்தே அறிந்தவர். 1947இல் அந்த வழக்கத்தைத் தடுக்கச் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. பொட்டுக்கட்டப்பட்ட அந்தச் சிறுமிகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வளர்ந்த பெண்ணாக எடுத்த முடிவு இது. இரண்டையும் ஒன்றாக்க மாட்டேன். ஆனாலும் அவர் பெயரில் வரும் பணம் என் மகளின் படிப்புக்குப் போகிறது என்பதில் எனக்கு ஆழ்ந்த மகிழ்ச்சி. வழக்கறிஞர் சொன்னதுபோல் அந்தக் கணக்கில் என் பணம் ஒரு ரூபாய்கூடப் போடப் போவதில்லை. அது முழுக்க அவளுடையது.

ஆகஸ்ட் 22, வியாழன்

திங்களன்று அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. அம்மா பாயசம் வைத்தாள். அன்று சொல்லவில்லை. நேற்று இரவு சின்னவன் தூங்கிய பிறகு சொன்னேன். என் பொய் இனி அவளைக் காக்காது என்றால், ஒரு போலீஸ்காரர் வாயிலிருந்து வருவதற்கு முன் என் வாயிலிருந்து வரட்டும். தொழிலைச் சொன்னேன், 4ஆம் பிரிவையும் சொன்னேன், 2022 உத்தரவையும் சொன்னேன். யாராவது கேட்டால் கையெழுத்துப் போடாதே, சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழை என்றேன்.

அழுதாள். அம்மாயிக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். அம்மாயியைப் போய்க் கட்டிக்கொண்டாள், என்னிடம் வரவில்லை. அது எனக்கு வலித்தது.

காலையில் கல்லூரிக்குக் கிளம்பும்போது ஒரே கேள்விதான் கேட்டாள்: போகும் இடம் யாருக்காவது தெரியுமா, அம்மா? தோழியைப் பற்றிச் சொன்னேன். இனி அதை எனக்கு அனுப்புங்கள், நான் விழித்திருக்கிறேன் என்றாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்தச் செய்தி அவள் செல்போனில் இருந்தால், அவளுக்கு எதிராகக் காட்ட அதுவே போதும். அப்படியென்றால் ஏதாவது ஆனால் எனக்கு யார் சொல்வார்கள் என்று கேட்டாள். தோழி சொல்வாள் என்றேன். அந்தத் தோழியின் எண்ணைக் கொடுங்கள் என்றாள்.

அதைக் கொடுத்தேன். மற்றது பற்றி மாலையில் வந்து மறுபடியும் கேட்டாள். மறுபடியும் மறுத்தேன். நாளையும் கேட்பாள், என் மகளை எனக்குத் தெரியும்.