நல்ல தண்ணீரை லிட்டர் லிட்டராக எண்ணிய கதை

உச்சிப்புளியிலிருந்து மண்டபம் போகும் வழியில், ஒரு பக்கம் பாக் நீரிணையும் மறுபக்கம் மன்னார் வளைகுடாவும் நெருங்கி வருகிற ஒடுங்கிய நிலத்தில் எங்கள் வீடு இருக்கிறது. இங்கே எந்த வீட்டிலும் இரண்டு வகைத் தண்ணீர் உண்டு. போர்வெல்லில் இறைக்கும் உப்புத் தண்ணீர் துணி அலசவும் கழிப்பறைக்கும் ஆகும். குடிக்க, சமைக்க, கடைசியாக ஒருமுறை மேலுக்கு ஊற்றிக்கொள்ள நல்ல தண்ணீர் வேண்டும். அந்த நல்ல தண்ணீர் திருச்சிப் பக்கத்திலிருந்து காவிரியைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் முறை வைத்து வருகிறது. முறை தப்பினால் லாரிக்குச் சொல்லித் தரைத்தொட்டியை நிரப்பிக்கொள்கிறோம். தொட்டி வற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே லாரிக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதால், "ஒரு லோடு நமக்கு எத்தனை நாளைக்கு வருது?" என்று அம்மா பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதிலைத்தான் நாங்கள் சொல்லிவந்தோம்.

தரைத்தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்கு மோட்டார் ஏற்றும் குழாயில் ஒரு தண்ணீர் மீட்டரைப் பொருத்தி, அதன் துடிப்புகளை இஎஸ்பி32 என்ற, வைஃபை உள்ள சிறு மின்னணுப் பலகையைக் கொண்டு எண்ண வைத்தால் கேள்விக்கு விடை கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டேன். துடிப்பு தரும் மீட்டரில் லிட்டர் முள்ளோடு ஒரு சிறு காந்தம் சேர்ந்து சுற்றும். வெளியே ஒட்டியிருக்கும் ரீட் சுவிட்சைக் காந்தம் கடக்கும்போது, கண்ணாடிக் குழலுக்குள் இருக்கும் இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள் தொட்டுப் பிரியும். ஒரு தொடுகை ஒரு துடிப்பு, அதாவது ஒரு லிட்டர். பலகையின் ஒரு காலை (பின்) சுவிட்சின் ஒரு கம்பியிலும், மறு கம்பியைப் பலகையின் பூமி (கிரவுண்ட்) முனையிலும் இணைத்து, பலகைக்கு நிரல் அமைத்துத் தரும் இஎஸ்பிஹோம் மென்பொருளின் கோப்பில் சில வரிகள் எழுதினால், வீட்டுக் கருவிகளை ஒரே இடத்தில் காட்டும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளின் திரையில் லிட்டர் கணக்கு வந்துவிடும். அந்த வேலை ஒரே மாலையில் முடிந்தது. அந்தக் கணக்கு மெய்யானதா என்று உறுதி செய்ய எனக்கு ஏழு மாதம் ஆனது.

அந்தக் கோப்பில் முதலில் நான் எழுதியது பல்ஸ் கவுண்ட்டர் (துடிப்பு எண்ணி) என்ற வகை. இஎஸ்பி32 சில்லுக்குள்ளேயே துடிப்பு எண்ணுவதற்கென்று தனி வன்பொருள் இருக்கிறது. இஎஸ்பிஹோம் தானாகவே அதைப் பயன்படுத்திக்கொள்ளும். மீட்டரைத் தாண்டி உடனே இருக்கும் கிளைக் குழாயைத் திறந்து, மேல்தொட்டிக்குப் போகும் கேட் வால்வை மூடிக்கொண்டு, இருபது லிட்டர் கேன் பத்தை நிரப்பிப் பார்த்தேன். 200 வர வேண்டிய இடத்தில் 236 வந்தது. ரீட் சுவிட்சின் தகடுகள் தொடும்போது ஒரே தொடுகையாக நிற்பதில்லை. ஒரு மில்லிவினாடி அளவுக்குத் துள்ளித் துள்ளித் தொட்ட பிறகே அடங்கும். வன்பொருள் எண்ணியின் வடிகட்டியால் ஏறத்தாழ 13 மைக்ரோவினாடிக்கு மேற்பட்ட துள்ளலை நீக்க முடியாது. வினாடிக்கு எட்டுக் கோடி முறை அடிக்கும் சில்லின் கடிகாரத்தில் (80 மெகாஹெர்ட்ஸ்) 1023 அடிகள் வரைதான் அதனால் காத்திருக்க இயலும் என்பதே அதற்குக் காரணம். அதிவேகத் துடிப்புகளுக்கென்று செய்த கருவியைச் சோம்பலாகச் சுற்றும் ஒரு தண்ணீர் முள்ளுக்குக் கொடுத்தது என் தவறு.

அதனால் பல்ஸ் மீட்டர் என்ற இன்னொரு வகைக்கு மாறினேன். இது ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணுவதற்குப் பதிலாக, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைப்பட்ட நேரத்தை அளக்கிறது. எங்கள் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர் ஏற்றுகிறது. அப்படியானால் இரண்டு வினாடிக்கு ஒரு துடிப்பு. அதில் சுவிட்ச் மூடியிருப்பது அரை வினாடி. வடிகட்டி நேரத்தை 50 மில்லிவினாடி என்று வைத்து, அதன் முறையை 'பல்ஸ்' என்று கொடுத்தேன். அந்த முறையில், இணைப்பு 50 மில்லிவினாடி அசையாமல் ஒரே நிலையில் நின்றால்தான் அது மாற்றமாக ஏற்கப்படும். துள்ளலைவிடப் பல மடங்கு நீளமாகவும், உண்மையான துடிப்பைவிடப் பத்து மடங்கு குறுகியதாகவும் இருப்பதால் இந்த அளவு பொருந்தியது. மறுபடியும் பத்துக் கேன் நிரப்பினேன். சரியாக 200.

வேலை முடிந்தது என்றே நினைத்தேன். ஆனால் ஒரு வாரம் கழித்து மீட்டரின் முகப்பையும் திரையையும் ஒப்பிட்டபோது, திரை 112 லிட்டர் அதிகம் காட்டியது. நாளுக்கு 16 லிட்டர். எங்கள் வீட்டுக் குடம் ஒன்றில் பதினைந்து லிட்டர் பிடிக்கும். யாரும் தூக்காத ஒரு குடம் தண்ணீர் தினமும் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. வடிகட்டி நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன், கம்பியை மோட்டார் கம்பியிலிருந்து விலக்கிக் கட்டினேன். பதினாறு அசையவில்லை. தற்செயலான இரைச்சல் என்றால் ஒரு நாள் ஐந்தும் ஒரு நாள் முப்பதுமாக வர வேண்டும். இது நாள் தவறாமல் ஒரே அளவாக வந்ததே எனக்குப் பெரிய குழப்பமாக இருந்தது.

விடையைக் கண்டது அம்மாதான். ஒரு நாள் இரவு மோட்டாரை நிறுத்திவிட்டு டார்ச்சோடு அங்கே நின்றவர் என்னைக் கூப்பிட்டார். "இங்க வந்து பாரு, மோட்டார் நின்ன பிறகும் முள்ளு சுத்துது. அதுவும் பின்னாடி சுத்துது."

குனிந்து பார்த்தேன். சிவப்பு முள் மெதுவாக இடப்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று, இரண்டாவது சுற்று, பிறகு இன்னும் மெதுவாக மூன்று, நான்கு, அதன்பின் நின்றது. உறிஞ்சும் குழாயின் அடியில், ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கத் தரைத்தொட்டிக்குள் இருக்கும் ஃபுட் வால்வு சரியாக மூடாததால், மேலேறும் குழாயில் நின்ற தண்ணீர் மீட்டர் வழியாகவே திரும்பத் தொட்டிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஓர் அங்குலக் குழாயில் ஒரு மீட்டர் நீளத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் நிற்கும். எங்கள் குழாயின் நீளம் எட்டு மீட்டர். ஆக, நான்கு லிட்டர். மீட்டரின் பற்சக்கரங்களுக்குத் திசை தெரியும். பின்னால் ஓடும் தண்ணீரை அவை கழித்துவிடும். ரீட் சுவிட்சுக்குத் திசை தெரியாது. காந்தம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதற்கு ஒரு தொடுகை ஒரு லிட்டர்தான். இறங்கிய நான்கைக் கூட்டி எண்ணியது. அடுத்த முறை மோட்டார் போட்டதும் அதே நான்கு மறுபடி ஏறும்போது இன்னொரு முறையும் எண்ணியது. ஒரு தடவைக்கு எட்டு; காலையும் மாலையுமாக இரண்டு தடவைக்குப் பதினாறு. கேன் வைத்துச் சோதித்தபோது கேட் வால்வை மூடியிருந்தேன் அல்லவா, அதனால் மேல் குழாயின் தண்ணீர் அன்று இறங்கவே இல்லை. என் சோதனையே பிழையை மறைத்துவிட்டது.

மென்பொருளில் இதைத் திருத்தலாம் என்று எனக்கு ஒரு சபலம் வந்தது உண்மை: மோட்டார் நின்ற பிறகு வரும் துடிப்புகளைத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு தடவைக்கும் நான்கைக் கழித்தால் போதும். அப்படிச் செய்திருந்தால் வால்வு இன்னும் கெட்டு அளவு மாறும் நாளில் கணக்கு மறுபடி பொய்யாகியிருக்கும். ஏற்றிய தண்ணீரையே மறுபடி ஏற்றும் மின்சாரமும் வீணாகிக்கொண்டே இருந்திருக்கும். பிளம்பர் அண்ணன் ஃபுட் வால்வை வெளியே எடுத்து, வாசரில் சிக்கியிருந்த சிப்பி மண்ணைக் கையில் கொட்டிக் காட்டினார். "மண்ணு கெடக்குறப்ப எப்படித் தம்பி அது உக்காரும்?" என்றார். அதைக் கழுவிப் பொருத்தியதோடு, மீட்டருக்கும் மோட்டாருக்கும் இடையில் தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும் போட்டார். அன்றிலிருந்து முகப்பும் திரையும் ஒன்றாக நடந்தன.

மழைக்காலம் முழுக்க அப்படியே நடந்து, ஆனி மாதத்தில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழுந்தபோது அடுத்த தொல்லை ஆரம்பித்தது. இரவில், மோட்டார் ஓடாத நேரத்தில், மூன்று லிட்டர் நான்கு லிட்டர் என்று கணக்கு ஏறியது. இம்முறை முள் நகரவில்லை, பின்னோட்டம் இல்லை. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது, சுவிட்ச் திறந்திருக்கையில் 3.3 வோல்ட் இருக்க வேண்டிய கம்பியில் 1.7 வோல்ட்தான் இருந்தது. மோட்டார் பக்கத்தில் இருந்த இணைப்புப் பெட்டியைத் திறந்தேன். செம்பு திருகுகள் முழுக்கப் பச்சைக் களிம்பு பூத்திருந்தன. இரண்டு முனைகளுக்கும் நடுவில் பிளாஸ்டிக்கின் மேல் ஈரம் பளபளத்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. 1914இல் திறந்த பாம்பன் பாலத்திலேயே தூக்குப் பகுதியின் இரும்பு அரித்துப்போய் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டதைப் பார்த்த ஊர் இது. ஒரு இணைப்புப் பெட்டியை மூடிவைத்தால் போதும் என்று நான் நினைத்திருக்கக் கூடாது.

இங்கே என் கோப்பிலும் ஒரு குறை இருந்தது. சுவிட்ச் திறந்திருக்கும்போது கம்பியை 3.3 வோல்ட் என்ற மேல்நிலையில் வைத்திருக்கப் பலகைக்குள் இருக்கும் புல்-அப் தடையையே (மின்தடை) நம்பியிருந்தேன். அது ஏறத்தாழ 45 கிலோ ஓம். உப்பு ஈரம் இரண்டு முனைகளுக்கு நடுவில் அதே அளவுக்கு ஒரு கசிவை உண்டாக்கினால், மின்னழுத்தம் பாதியாகப் பங்குபோய்விடும். இஎஸ்பி32க்கு ஏறத்தாழ 2.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் அது உறுதியாக 'மேல்', 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால்தான் உறுதியாக 'கீழ்'. நடுவில் நிற்கும் 1.7 வோல்ட் காற்றில் ஈரம் ஏறி இறங்குவதற்கேற்ப இப்பக்கமும் அப்பக்கமும் சாயும். அப்படி மெதுவாகச் சாய்வதை 50 மில்லிவினாடி வடிகட்டி தடுக்காது. வெளியே 4.7 கிலோ ஓம் தடை ஒன்றை 3.3 வோல்ட்டுக்கு இணைத்தால், அதே கசிவு இருக்கும்போதும் கம்பியில் ஏறக்குறைய 3 வோல்ட் நிற்கும். பத்து ரூபாய்கூட ஆகாத அந்தத் தடையை முதல் நாளே போட்டிருக்க வேண்டும். பலகையில் ஜிபிஐஓ 34 முதல் 39 வரை எண்ணிட்ட கால்களில் உள்புல்-அப் கிடையவே கிடையாது. அவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் வெளித்தடையைப் போட்டே ஆக வேண்டும். மற்றக் கால்களில் உள்ளேயே இருக்கிறதே என்ற வசதிதான் என்னை ஏமாற்றியது. கடற்கரை ஊர்க்காரர்கள் எந்தக் காலை எடுத்தாலும் வெளித்தடையைப் போட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பலகையின் பக்கத்தில் கம்பிக்கும் பூமிக்கும் இடையே மின் இரைச்சலை வடிக்க 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றையும் வைத்தேன். இணைப்புப் பெட்டியை அகற்றிவிட்டு, கம்பிகளை நேரே பற்றவைத்து, உள்ளே பசை தடவிய சுருங்கும் குழல் போட்டு மூடினேன்.

மின்தடையில் கணக்கு தொலைந்துபோகாதா என்று சிலர் கேட்டார்கள். மின்சாரம் போனால் மோட்டாரும் நிற்கும், தண்ணீரும் நிற்கும். எங்கள் குழாயைப் பொறுத்தவரை இழக்கத் துடிப்பே இல்லை. பலகை மறுபடி எழும்போது மொத்தக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆனால் ஹோம் அசிஸ்டன்டில் அந்தக் கணக்கை 'டோட்டல் இன்க்ரீசிங்' (ஏறிக்கொண்டே போகும் மொத்தம்) என்று குறித்திருந்தால், எண் இறங்கியதைப் புதிய சுற்றின் தொடக்கமாக ஹோம் அசிஸ்டன்ட் எடுத்துக்கொண்டு தொடர்ந்து கூட்டும். தெருக்குழாயில் நேரடியாக மீட்டர் வைப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர்கள் பலகைக்கு மின்கலம் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அம்மா முகப்பை வாசிக்கிறார். மொத்தத் துடிப்பை மாற்றும் கட்டளை வழியாக அந்த எண்ணை நான் பலகையில் ஏற்றுகிறேன். ஏற்றுவதற்கு முன் இரண்டையும் ஒப்பிட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம். கடந்த மூன்று மாதங்களில் வித்தியாசம் ஒரு லிட்டரைத் தாண்டவில்லை. ஐந்து பேர் உள்ள எங்கள் வீட்டில் நல்ல தண்ணீர் நாளுக்குச் சராசரியாக 270 லிட்டர் ஆகிறது. 6,000 லிட்டர் லோடு இருபத்திரண்டு நாளைக்கு வருகிறது. அம்மா இப்போது இருபதாம் நாள் காலையில் லாரிக்குச் சொல்லிவிடுகிறார்.