நான்கு கேன் தண்ணீரும் ஒரு காபி வண்டியும்

எங்கள் பகுதிப் பூங்காவின் வாசலில் ஞாயிறுதோறும் காலையில் கூடுகிறவர்களுக்காக, இருவர் தள்ளிச் சென்று நிறுத்தவும் வேலை முடிந்ததும் தடம் தெரியாமல் கழற்றி எடுக்கவும் ஏற்ற சிறிய காபி நிலையம் ஒன்றைச் சேலத்தில் என் வீட்டு முற்றத்தில் ஐந்து மாதங்களாகச் செய்து வருகிறேன். ஒரு காலைக்கு ஏறத்தாழ அறுபது டம்ளர் காபி போகிறது. ஏற்காட்டில் விளைந்த கொட்டையை வறுத்து அரைத்து வாங்கிக்கொள்கிறோம். செலவுக்கான பணத்தை அவரவர் விருப்பப்படி உண்டியலில் இடுகிறார்கள்.

அடித்தளமாகக் கிடைத்தது, நான்கு சைக்கிள் சக்கரங்கள் பூட்டிய பழைய தள்ளுவண்டி. அதன்மேல் முதலில் ஒட்டுப்பலகையால் ஒரு கூண்டு கட்டினேன். 19 மி.மீ. கனமுள்ள எட்டுக்கு நான்கடிப் பலகை ஒன்றே 35 கிலோவுக்குக் குறையாது என்பதைக் கடையிலிருந்து தூக்கி வந்த பிறகுதான் உணர்ந்தேன். இரண்டே வாரங்களில் அதைப் பிரித்துவிட்டு மூங்கிலுக்கு மாறினேன்.

மூங்கிலில் நான் செய்த பிழையை விரிவாகச் சொல்ல வேண்டும். பதப்படுத்தாத கழிகளை வாங்கி அப்படியே கட்டினேன். மூன்றாவது வாரம், கழிகளுக்கு அடியில் ரவை சலித்துக் கொட்டியதுபோல் மெல்லிய மஞ்சள் மாவு படிந்திருந்தது. மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தேடி வரும் வண்டுகளின் வேலை அது. அந்தக் கழிகளை ஒதுக்கிவிட்டுப் புதியவற்றை வாங்கி, நீண்ட இரும்புக் கம்பியால் உட்கணுக்களை எல்லாம் துளைத்து, 100 லிட்டர் தண்ணீரில் 3 கிலோ வெண்காரமும் (போராக்ஸ்) 2 கிலோ போரிக் அமிலமும் கரைத்த தொட்டியில் பத்து நாள் ஊற வைத்தேன். கணுவைத் துளைக்காவிட்டால் கரைசல் உள்ளே இறங்காது. இந்த உப்பு மழையில் கரைந்து வெளியேறிவிடும் என்பதால் எல்லாக் கழிகளும் கூரைக்கு உள்ளேயே அமையுமாறு அளவுகளை மாற்றினேன். மிஞ்சிய கரைசலைச் செடிகளுக்கு ஊற்றக் கூடாது. அதிலுள்ள போரான் மிகுந்தால் செடி கருகிவிடும். மூடி வைத்து அடுத்த கழிகளுக்குப் பயன்படுத்துவதே முறை.

இணைப்புகளுக்குப் போல்ட் போட்டபோது இரண்டு கழிகள் நீளவாக்கில் பிளந்தன. கணுவுக்கு அருகில் துளையிட்டு, துளைக்கு இருபுறமும் பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி இழுத்துச் சுற்றிய பிறகு பிளவு நின்றது. தென்னங்கயிறு வெயிலில் தளர்ந்துவிடுகிறது; ரப்பர்ப் பட்டையோ வாரக்கணக்கில் பிடியை விடுவதில்லை. நிறுத்திக் கட்ட முதலில் ஐம்பது நிமிடம் ஆனது. இப்போது இருபதுக்குள் முடிகிறது.

கூரைக்குத் தார்ப்பாய் மட்டும் போட்டபோது ஒன்பது மணிக்கே உள்ளே நிற்க முடியவில்லை. அதற்குக் கீழே நான்கு விரல் இடைவெளி விட்டுக் கோரைப் பாய் ஒன்றைக் கட்டினேன். சூடேறிய காற்று அந்த இடைவெளி வழியே வெளியேறிவிடுவதால் பாயின் அடிப்பக்கம் தொட்டால் குளிர்ச்சியாகவே இருக்கிறது.

இருக்கைகளைப் பற்றி யோசித்தபோது, திருவனந்தபுரம் தம்பானூரில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸ் நினைவுக்கு வந்தது. சுழன்று ஏறும் செங்கல் கோபுரமான அதில், சுவரையொட்டியே மேசையும் இருக்கையும் கட்டடத்தோடு கட்டடமாக அமைந்திருக்கும்; சுவரின் துளைகள் வழியே வெளிச்சமும் காற்றும் வரும். தனியே அறைகலன் என்று ஒன்றில்லாத அந்த எண்ணத்தை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். பாத்திரங்கள் பயணம் செய்யும் நான்கு மரப்பெட்டிகளே, வண்டி நின்றதும் கவிழ்ந்து பெஞ்சுகளாகிவிடுகின்றன.

அடுப்புக்குச் சூரிய மின்சாரம் என்ற ஆசை கணக்குப் போட்டதும் போய்விட்டது. 28 டிகிரியில் உள்ள 10 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே ஏறத்தாழ 840 வாட்-மணி வேண்டும். 100 வாட் சூரிய மின்பலகை நல்ல வெயில் நாளில் தருவது 400 முதல் 500 வரைதான். ஆகவே பலகையை விளக்குக்கும் சிறு விசிறிக்கும் விட்டுவிட்டு, 5 கிலோ எரிவாயு உருளையை வைத்துக்கொண்டேன். அடுப்பைச் சுற்றித் தகர மறைப்பு வைத்தபின் காற்றில் சுடர் சாய்வது நின்று பால் விரைவில் பொங்குகிறது. டிகாக்ஷனை விடியற்காலையில் வீட்டிலேயே இறக்கி, வைக்கோல் திணித்த பெட்டியில் வைத்து எடுத்துச் செல்கிறேன். அதை மறுபடி சுட வைக்கத் தேவையில்லை, மணமும் போவதில்லை.

இவ்வளவும் செய்தபின் வண்டியைத் தள்ளியபோதுதான் உண்மையான பாரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. டம்ளர்களைக் கழுவ நான்கு 20 லிட்டர் கேன்கள், அதாவது 80 கிலோ தண்ணீர், ஏற்றியிருந்தேன். மூங்கில் சட்டம் முழுவதும் சேர்ந்தாலும் அந்த எடை வராது. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளைகள் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. தடை இல்லாவிட்டாலும் அவற்றை நான் தொடப்போவதில்லை. எவர்சில்வர் டம்ளர் என்றால் கழுவித்தான் ஆக வேண்டும். குழாய்க்கு அடியில் பிடித்துக் கழுவினால் டம்ளருக்கு ஒரு லிட்டர் போகிறது. மூன்று தொட்டி வைத்தேன்: முதலாவதில் தேய்ப்பு, இரண்டாவதில் அலசல், மூன்றாவதில் கொதிநீரில் முக்கி எடுத்தல். இருபது டம்ளருக்கு ஒருமுறை இரண்டாவது தொட்டி நீர் முதல் தொட்டிக்குப் போகிறது. மொத்தம் 20 லிட்டருக்குள் அறுபது டம்ளரும் கழுவப்படுகின்றன.

கழுவிய நீரை முதலில் பூங்காவின் வேப்பமர அடியில் ஊற்றினேன். பால் கலந்த நீர் புளித்து ஈ மொய்த்தது. காவலர் முறையிட்டதும் நியாயமே. இப்போது தேங்காய் நாரும் சரளையும் நிரப்பிய வாளியில் வடித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து வாழைக்கு விடுகிறேன். காபிச் சக்கை எருக்குழிக்குப் போகிறது.

தண்ணீரை மிச்சப்படுத்த டபராவை நிறுத்தியிருந்தேன். முதல் ஞாயிறே ஒரு பெரியம்மா டம்ளரைத் துண்டால் பிடித்தபடி, "ஏங் கண்ணு, டபராவக் காணோம்? இத எப்படி ஆத்திக் குடிக்கிறது?" என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆற்றிக் குடிப்பதற்காக நிற்கிற அந்த ஐந்து நிமிடத்தில்தான் பக்கத்தில் இருப்பவரோடு பேச்சே தொடங்குகிறது. குடிக்கவும் கழுவவும் சேர்த்து இப்போது வண்டியில் இரண்டு கேன்கள் ஏறுகின்றன. மூன்றாவது கேன் இருந்த இடத்தில், துணி சுற்றிய இருபது டபராக்கள் அடுக்கியிருக்கின்றன.