ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பெர்மிட்

காரைக்குடியில் ஒரு மெஸ்ஸில் பதினாறு வருஷம் கரண்டி பிடித்தவன் நான். முகூர்த்த நாட்களில் செட்டியார் வீட்டுக் கல்யாணங்களுக்கும் சமைக்கப் போவேன். சிங்கப்பூர் ஆசை முப்பது வயதிலிருந்தே உண்டு. எங்கள் பக்கம் கடல் தாண்டுவது அதிசயமில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் கட்டிய வீடுகளின் பின்கட்டில்தான் நான் அடுப்பு மூட்டுகிறேன்.

என் பெரியப்பா மகன் 2014-இல் போனார். அப்போது இந்தியச் சமையல்காரர் என்றால் எஸ் பாஸ்தான், அதாவது நடுத்தரத் திறன் உள்ளவர்களுக்கான வேலை அனுமதி. குறைந்தபட்சச் சம்பளம் 2,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). எனக்கு ஆள் பிடித்துக் கேட்பதற்குள் அந்தத் தொகை ஏறிக்கொண்டே போனது. 2022 செப்டம்பரில் 3,000, அடுத்த வருஷம் 3,150, 2025 செப்டம்பரிலிருந்து 3,300. அவ்வளவு கொடுத்து என்னைக் கூப்பிட எந்த முதலாளிக்கு மனசு வரும்?

2023 செப்டம்பரில் ஒரு வழி திறந்தது. இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையல்காரரை, சாதாரணத் தொழிலாளிகளுக்கான வொர்க் பெர்மிட்டிலேயே எடுக்கலாம் என்றார்கள். நிலையான மாதச் சம்பளம் 2,000 வெள்ளிக்குக் குறையக் கூடாது, மொத்த ஆட்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் இந்த வகையில் எடுக்கக் கூடாது. எல்லாம் சரி, ஆனால் எனக்கு அப்போது ஐம்பது ஆகிவிட்டது. புதிதாக பெர்மிட் கேட்பவருக்கு ஐம்பதுதான் வரம்பு. அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து அதை 61 ஆக்கியிருக்கிறார்கள் என்று பெரியப்பா மகன் போன் செய்தபோது, மெஸ்ஸில் மதியப் பந்தி நடந்துகொண்டிருந்தது. ரசத்தில் உப்பு போட்டேனா இல்லையா என்றே மறந்துவிட்டது.

முதலில் போனது ஓர் ஏஜென்ட்டிடம். ஊர் பேர் வேண்டாம். மாடியில் ஆபீஸ், சுவரில் கப்பல் படம். மூன்றரை லட்சம் கேட்டார். எதற்கு என்றால் ஒவ்வொன்றாக விரல் மடக்கினார். வெளிநாட்டு ஆளுக்காக மாதாமாதம் சிங்கப்பூர் அரசுக்குக் கட்டும் லெவி, ஐயாயிரம் வெள்ளி பாண்டு என்கிற பிணைத்தொகை, ஈசிஆர் கிளியரன்ஸுக்கு (பத்தாவது தேறாதவர் வெளிநாட்டு வேலைக்குப் போக நம் அரசிடம் வாங்கும் அனுமதி) பதினைந்தாயிரம், அப்புறம் "நம்ம செலவு". நான் பத்தாவது பெயில், என் பாஸ்போர்ட் ஈசிஆர் வகை. அதனால் அந்தப் பதினைந்தாயிரம் நியாயம் என்றே பட்டது. சம்சாரத்தின் சங்கிலியை அடகு வைத்து நாற்பதாயிரம் முன்பணம் கொடுத்தேன்.

பணம் கைமாறிய பிறகுதான் அவர் சொன்னார்: "பேப்பர்ல ரெண்டாயிரம் இருக்கும் அண்ணே. கைக்கு ஆயிரத்து முந்நூறு. மிச்சத்தை மாசாமாசம் மொதலாளிக்கிட்ட திருப்பிக் கொடுத்துடணும். எல்லாரும் அப்படித்தான் போறாங்க."

என் மகள் அழகப்பாவில் பி.காம். படிக்கிறாள். இரவு சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் இணையதளத்தை எடுத்து வைத்துக்கொண்டு எனக்குப் படித்துக் காட்டினாள். லெவி முதலாளி கட்ட வேண்டியது, தொழிலாளியிடம் பிடிக்கக் கூடாது. பாண்டும் முதலாளி தலையில். வேலை கொடுத்ததற்காகச் சம்பளத்தில் பங்கு வாங்கினால் 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருஷம் வரை ஜெயில், சமயத்தில் இரண்டுமே. ஈசிஆர் கதைதான் எனக்கு எரிச்சல் மூட்டியது. நம் அரசு கிளியரன்ஸ் கேட்பது பதினெட்டு நாடுகளுக்கு. மலேசியா அதில் இருக்கிறது, சிங்கப்பூர் இல்லை. ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் வேண்டும், இந்தப் பக்கம் வேண்டாம்! இல்லாத கிளியரன்ஸுக்குப் பதினைந்தாயிரம்.

போதாக்குறைக்கு, நம் ஊரில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். பதிவு எண்ணைக் கேட்டேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். நாலு தடவை நடந்து இருபத்தையாயிரம் திரும்பி வந்தது. மிச்சம் பதினைந்தாயிரத்தை இன்றுவரை பார்க்கவில்லை.

அப்புறம் வழி கிடைத்தது தேவகோட்டை ஆச்சி ஒருவர் மூலம். அவர்கள் வீட்டுச் சாந்தி கல்யாணத்தில் (அறுபதாம் கல்யாணம்) சமைத்திருக்கிறேன். "அப்பு, எங்க தம்பி மகனோட சிநேகிதன் அங்க ஓட்டல் வச்சிருக்கான், கேட்டுப் பாக்கறேன்" என்றார்கள். அந்த முதலாளியிடம் முப்பது பேர் வேலை பார்க்கிறார்கள். எட்டு சதவீதக் கணக்கில் இரண்டு பேரை எடுக்கலாம், ஒருவர் ஏற்கெனவே இருந்தார். பத்துப் பேர் வைத்திருக்கும் சின்னக் கடைக்காரர் ஆசைப்பட்டாலும் இந்த வழியில் ஒருவரைக்கூட எடுக்க முடியாது. பெரிய கடைகளுக்கு வசதியான சட்டம் என்று அவரே சிரித்தார்.

வீடியோ காலில் உப்புக்கறி செய்து காட்டச் சொன்னார். மகள் போனைப் பிடித்தாள். சின்ன வெங்காயமும் வரமிளகாயும் எண்ணெயில் சுருண்டு வரும்போது, "தேங்காய் போடலையா?" என்றார். "உப்புக்கறிக்கு எதுக்குங்க தேங்காய்?" என்றேன். வேலை போச்சு என்று நினைத்தேன். அதற்குத்தான் எடுத்தேன் என்று பின்னால் சொன்னார்.

ஐ.பி.ஏ. என்கிற முன் அனுமதிக் கடிதம் வந்தது. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலாளிக்கு ஒரு பிரதி, தொழிலாளிக்கு அவன் மொழியில் ஒரு பிரதி. புறப்படுவதற்கு முன்பே நம் கைக்கு வந்துவிட வேண்டும். தமிழில் இருந்தது. ஜெராக்ஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்து, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அடிப்படைச் சம்பளம் 1,800, நிலையான படி 200, பிடித்தம் இல்லை. படியையும் சேர்த்துத்தான் அந்த 2,000 என்பது அப்போதுதான் புரிந்தது. இதில் எழுதியதைக் குறைக்க வேண்டுமானால் என் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும், அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். அந்த ஏஜென்ட் வாயால் சொன்ன ஆயிரத்து முந்நூறுக்கு எந்தத் தாளிலும் இடமில்லை. உண்மைக் கடிதமா என்று மகள் அமைச்சின் தளத்திலும் போய்ப் பார்த்துவிட்டாள்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு வருகை அட்டையை இணையத்தில் நிரப்பினோம். மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், காசு கிடையாது. அதற்கும் ஐந்நூறு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். திருமயம், புதுக்கோட்டை வழியாகத் திருச்சி, அங்கிருந்து நேர் விமானம். வந்து இரண்டு வாரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை, அப்புறம் பெண்டமியர் சாலையில் கைரேகை, உணவுப் பாதுகாப்பு வகுப்பு. பெர்மிட் அட்டை வந்தது, இரண்டு வருஷத்துக்கு. குடும்பத்தைக் கூட்டி வர இந்த பெர்மிட்டில் வழியில்லை. அது தெரிந்துதான் வந்தேன், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகள் நீளம்.

முதல் ஓய்வு நாளில் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போனேன். 1859-இல் நகரத்தார் கட்டியது. வாசலில் நிற்கும்போது புதுவயல் தம்பி ஒருவன் போன் செய்தான். அவனுக்கும் ஐ.பி.ஏ. வந்திருக்கிறதாம், அதே மாடி ஆபீஸ். போட்டோ அனுப்பச் சொன்னேன். பிடித்தம் என்ற இடத்தில் மாதம் 300 வெள்ளி என்று இருந்தது. எதற்கு என்று முதலாளியிடமே கேட்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.